கேட் வரைக்கும் போக ஒரு பெரிய கார்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "சார், கஸ்டமர் மாசத்துக்கு இவ்வளவுதான்னு ஒரே பிடியா நிக்கிறாரு. அவரை எப்படி சார் மேல இழுக்கிறது?" என்றார். "இழுக்காதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ரிடையர் ஆகியும் அந்த ஆளுக்குத் திமிர் குறையவில்லை என்று ஆபீசில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். குறையவில்லைதான். ஆனாலும் ஒற்றைச் சொல்லோடு வைத்தது சரியில்லை. அதனால் எழுதுகிறேன். நாள் முழுக்கப் பேசுகிற வேலை உங்களுக்கு. கொஞ்ச நேரம் பேசாமல் படியுங்கள்.

நம் தொழில் என்ன? பெரிய காரை விலை கொடுத்து வாங்க முடியாதவனுக்கும், முடிந்தும் மனசு வராதவனுக்கும் அதை மாதத் தொகைக்குக் கொடுத்து, லீஸ் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. இதற்கு மேல் இதில் வேதாந்தம் கிடையாது. என்னை வேலைக்கு எடுத்த மேனேஜர் ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். "கார் எதுக்குன்னு கேக்காதே. எவ்வளவு கட்ட முடியும்னு கேளு. சொன்னதுக்கு மேல கொஞ்சம் ஏத்து." நாங்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினோம். பைத்தியக்காரப் பாடம். அது பழவேற்காட்டுக்குத் தெற்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குப்பத்தில்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் குப்பத்தின் தலைவர் ஏழுமலை. ஒரு நாள் ஆபீசுக்குப் போன் செய்து, "பெரிய காரு மாச வாடகைக்குக் குடுக்கறீங்களாமே, எங்க ஊருக்கு ஒண்ணு வோணும்" என்றார். ஊருக்கு என்றதும் ஆபீசே சிரித்தது. எனக்குச் சொந்த ஊர் காட்டூர் என்பதால், "உன் ஏரியாதானே, நீயே போய்ட்டு வா" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். ஏரியாவாவது மண்ணாவது. நான் நெல் விளைகிற ஊர்க்காரன். மீன் எங்கள் வீட்டுக்குக் கூடையில் வரும், குழம்பாகும். அதற்கு மேல் எனக்கு ஏரி தெரியாது.

மீனவர் கூட்டுறவு சங்கக் கட்டடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. கஸ்டமர் என்றால் ஒருவர், மிஞ்சினால் அவர் மனைவி. இங்கே ஆண், பெண், கைக்குழந்தை எல்லாமே கஸ்டமர்.

"காட்டூரா நீ?" என்றது ஒரு குரல். "அப்ப வெயிட்டா நெல்லு மூட்டையாட்டம் உக்காந்து பேசு. ஓடிடாதே."

மேனேஜர் சொன்னபடி எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டேன். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கிற தலைக்கட்டு வரியில், திருவிழாச் செலவு போக மாதம் எவ்வளவு நிற்கும் என்று ஏழுமலை சொன்னார். அந்தத் தொகைக்கு எங்கள் பட்டியலில் ஒரு காரின் கதவுகூட வராது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியவன், எரிச்சலில் ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கார்?"

அதற்குத் தேசம்மா எழுந்தாள். மகளிர் குழுத் தலைவி. கூடை சுமந்து மீன் விற்பவள். எழுந்தால் மற்றவர்கள் தானாக உட்கார்ந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்கு நேராக ஒரு வழி இருந்தது. பெண்கள் மீன் கூடையோடு அதில் நடந்து போய் பஸ் பிடித்து மார்க்கெட்டுக்குப் போவார்கள். ஒரு கிடங்குக் கம்பெனி வந்து சுற்றி மதில் எழுப்பியது. வழி மதிலுக்குள் போய்விட்டது. ஊர்ப் பக்கம் ஒரு கேட், ரோட்டுப் பக்கம் ஒரு கேட், நடுவில் ஆபீஸ். இப்போது பெண்கள் உப்பங்கழியைச் சுற்றிப் போகிறார்கள். போய்ச் சேருவதற்குள் ஐஸ் உருகி மீன் குழைந்துவிடுகிறது. காலையில் ஏலம் முடிந்து வாங்குகிறவன் போன பிறகு போய் என்ன பயன்? வழியைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கப் போனால், வாட்ச்மேன் அவர்களை வெயிலில் நிற்கவைக்கிறார். கம்பெனி அதிகாரி வேலை முடிந்து இன்னொரு கேட் வழியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்.

"நடந்து போனா 'நில்லு'ன்றான் அண்ணே. ஆட்டோல போனா 'எறங்கு'ன்றான். பெரிய காரு வந்தா மட்டும் வெறைச்சிக்கினு நின்னு சலாம் வைக்கிறான். அந்த சலாம் வைக்கிற வண்டி ஒண்ணு குடு எங்களுக்கு" என்றாள் தேசம்மா.

இப்போது கவனியுங்கள். நான் திரும்ப உட்கார்ந்து கேட்டேன். "மாசத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"இங்கேர்ந்து கேட்டு வரைக்கும்" என்றார் ஏழுமலை.

"அப்புறம்?"

"கேட்லேர்ந்து ஆபீசு வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, திரும்பி வர்றதுதான். காருல சுத்திக்கினு இருந்தா வலை யாரு போடறது?"

லீஸ் தொகையில் பாதி, கார் எவ்வளவு ஓடித் தேயும் என்பதற்கான கணக்கு. ஓடாத காருக்குத் தேய்மானம் ஏது? கிலோமீட்டர் வரம்பை அடிமட்டத்துக்கு இறக்கினேன். புதுக் கார் வேண்டாம், ஒரு தோல் டாக்டர் லீஸ் முடித்துத் திருப்பித் தந்த கறுப்புக் கார் எங்கள் ஷெட்டில் நிற்கிறது, அதைத் தருகிறேன் என்றேன். லீஸ் காலத்தை நீட்டினேன். மாதத் தொகை இறங்கி இறங்கி அவர்கள் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இவ்வளவும் நடந்தது 'எதுக்கு' என்ற ஒரு கேள்வியால். உங்கள் மேனேஜர் கேட்காதே என்று சொல்லித் தருகிற அதே கேள்வி.

மிச்ச வித்தியாசத்தைப் பேரம் பேச ஊர் ஒரு ஆளை இறக்கியது. முனுசாமி. கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஊரிலேயே பேச்சில் கெட்டிக்காரர் என்று அவரை எனக்கு எதிரே உட்காரவைத்தார்கள். நான் என் தொகையைச் சொன்னேன். முனுசாமி தொண்டையைச் செருமினார். அந்தத் தொகையை உரக்க ஒரு முறை சொன்னார். பிறகு அதற்கு மேலே ஒன்று சொன்னார். அதற்கும் மேலே இன்னொன்று. கை தானாக வீசுகிறது, கண் கூட்டத்தைத் துழாவுகிறது. "நல்லா பாரு, கறுப்பு வண்டி, டாக்டரு வண்டி, கேளு கேளு…"

 தேசம்மா போட்ட சத்தத்தில் வெளியே காயப்போட்ட கருவாட்டில் இருந்த காக்கைகள் எழுந்தன. "யோவ்! நீ யாருக்குய்யா ஏலம் வுடறே? நம்ம துட்டுய்யா அது! எறக்குய்யா!"

பாவம் முனுசாமி. பிழைப்பு முழுக்க ஏற்றியே பழகின வாய். இறக்கு என்றால் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி ஏறியது. அவர் மனைவியே வந்து முதுகில் ஒன்று வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த நேரத்தில் முனுசாமி விட்ட விலையை நான் பிடித்திருக்கலாம். ஊர்த் தரப்பு ஆள் வாயால் சொன்ன விலை. நீங்களாக இருந்தால் பிடித்திருப்பீர்கள், பிடித்துவிட்டு ஆபீசில் கேக் வெட்டியிருப்பீர்கள். நான் பிடிக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. வரவுக்கு மேல் எழுதின லீஸ் சில மாதத்தில் விழும், விழுந்தால் அந்த மணலில் காரை மீட்க நான்தான் போக வேண்டும். பட்ஜெட் என்று கஸ்டமர் சொல்வது அவருடைய ஆசை இல்லை, அவருடைய சுவர். அதில் முட்டினால் உடைவது உங்கள் மண்டை.

கடைசியாக ஏழுமலை ஒன்று கேட்டார். "கோடையில முகத்துவாரம் மணல் மூடிக்கும் நைனா. அப்ப ஏரியில மீனு இருக்காது. அந்த மாசமும் இதே துட்டு குடுன்னா எப்பிடி?" நியாயம். மாத பட்ஜெட் என்பது மாதச் சம்பளக்காரன் பேச்சு. ஏரிக்காரனுக்கு எல்லா மாதமும் ஒரே மாதம் இல்லை. மழை முடிந்து இறால் வருகிற மாதங்களில் கூடுதலாகவும், கோடையில் பேருக்குக் கொஞ்சமாகவும் கட்டுகிற மாதிரி எழுதினேன். மேனேஜர் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டுக் கத்தினார். நானும் கத்தினேன். எனக்குத் தொண்டை பெரிது. கையெழுத்தாயிற்று, கூட்டுறவு சங்கத்தின் பேரில்.

காரை ஒப்படைத்த அன்றே ஏழுமலை வெள்ளை வேட்டி கட்டி ஏறினார். மீன் வேன் ஓட்டும் பாபு டிரைவர். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்தார். ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி அறையில் நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. ஏழுமலை வழியைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கார்ல வர்றீங்க. உங்க ஆளுங்களுக்கு எதுக்கு சார் நடக்கிற பாதை?"

ஏழுமலை டீயைக் குடிக்காமலே எழுந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் எனக்குக் கிடைத்த மரியாதையை எழுத முடியாது. "இந்தப் பொட்டிய நீயே எடுத்துக்கினு போ" என்றார்கள். போக முடியாது. இடையில் திருப்பினால் பெரிய அபராதம் என்று லீசில் இருக்கிறது, படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். அதைச் சொன்னேன். தேசம்மா ஒரு பிடி மணலை அள்ளி என் சட்டையில் போட்டாள். கடலோரம் என்பதால் மணலோடு போயிற்று. எங்கள் ஊராக இருந்தால் சேறு.

அடுத்து அவர்கள் செய்ததை வேறு எந்த ஊரும் செய்திருக்காது. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்கள் கொஞ்சம்தான். அதனால் யார் எங்கே எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாடு வந்த நாளில் அந்த இடத்தில் தலைவரே ஆனாலும் வலையை நனைக்க முடியாது. ஊர்ப் பொதுச் சொத்து எதுவானாலும் அவர்களுக்குத் தெரிந்த நியாயம் இதுதான். எல்லா வீடும் வரி கட்டுகிறது, காரும் எல்லாருக்கும். ஆகவே காருக்கும் பாடு வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு நாள்.

எனக்கு இது தெரியாது. கிலோமீட்டர் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு காலை அங்கே போனேன். கார் ஏரிக்கரையில் நின்றது. தேசம்மாவின் பாடு. பின் சீட்டில் தார்ப்பாய் விரித்து மீன் கூடைகள். அவற்றுக்கு நடுவில் இரண்டு பெண்கள். டிக்கியில் நண்டு. தோல் டாக்டர் பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பார்.

"இன்னாம்மா இது?" என்று கத்தினேன்.

"மார்க்கெட்டுக்குப் போறோம். நீயும் வர்றியா? முன்னாடி ஏறு. அந்தக் கூடைய மடியில வச்சிக்க."

"இந்த வண்டியில வியாபாரச் சரக்கு ஏத்தக் கூடாதுன்னு எழுதிருக்கு!"

"சரக்கா? இது கொழம்புக்கு."

"இவ்வளவுமா?"

"எங்கூட்ல நெறைய பேரு அண்ணே. ஏறு, ஐஸு உருகுது."

ஏறினேன். மடியில் கூடை, கூடையில் மடவை மீன், பேண்டில் தண்ணீர். பாபு நேராகக் கம்பெனிக் கேட்டுக்கு ஓட்டினார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார், விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பின்னால் இருந்து தேசம்மா ராணி மாதிரி கையை ஆட்டினாள். கார் மதிலுக்குள் நுழைந்து, ஆபீசைத் தாண்டி, ரோட்டுப் பக்கக் கேட்டில் இன்னொரு சல்யூட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. பஸ் ஸ்டாப்பில் கூடைகளை இறக்கினார்கள். ஐஸ் கட்டி கட்டியாக அப்படியே இருந்தது.

வாட்ச்மேனுக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். "கீது. ஆனா முன்ன இருந்த வாட்ச்மேனு ஒரு டைரக்டரு காரை நிறுத்திக் கேள்வி கேட்டுட்டான். அன்னிக்கே வேலை பூடுச்சி. பெரிய காருன்னா குனிஞ்சி உள்ள பாக்கறதுகூட இல்ல" என்றார் பாபு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? விதிப்படி அங்கேயே சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் பேண்டைப் பிழிந்துகொண்டே யோசித்தேன். மாதத் தொகை சரியாக வருகிறது. கிலோமீட்டர் வரம்புக்குள்தான் இருக்கிறது. நாற்றம் ஒன்றுதான் கேடு, அதற்கு லீஸ் முடியும்போது கழுவுகிற செலவை வசூலிக்க வழி இருக்கிறது. சாவியைப் பிடுங்கினால் ஒரு ஊரின் சோறும் போய்விடும், எங்கள் வசூலும் போய்விடும். விதி எதற்காக எழுதப்பட்டதோ அது கெடாத வரைக்கும் கண்ணை வேறு பக்கம் திருப்பத் தெரிய வேண்டும். எப்போது திருப்புவது என்று யாரும் சொல்லித்தர முடியாது. மீட்டரைக் குறித்துக்கொண்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

தேசம்மாவைப் பார்த்து மற்ற வீடுகளும் அதையே செய்தன. பாடு யாருடையதோ அவர்கள் காரில், ஊர்ப் பெண்களின் கூடைகளை ஏற்றிக்கொண்டு, காலையில் நாலைந்து நடை. அதிகாரி மாடியில் இருப்பவர், மேலிருந்து பார்த்தால் பெரிய கறுப்புக் கார் எல்லாம் ஒன்றுதான், யாரோ பெரிய மனுஷர் என்று நினைத்திருக்கிறார். ஒரு நாள் தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து முற்றத்தில் நின்றபோது கார் உள்ளே வந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். டிக்கி சரியாக மூடாமல் இரண்டு நண்டு அவர்கள் காலடியில் விழுந்து நடந்தன. வந்தவர்களில் பெரியவர் கேட்டாராம், "இந்தப் பொம்பளைங்க ஏன் இவ்வளவு பெரிய கார்ல மீன் கொண்டு போறாங்க?"  தேசம்மா ஜன்னலை இறக்கிப் பதில் சொன்னாள், முழுசாக. மதிலை ஒட்டிப் பெண்கள் நடக்க ஒரு சின்னக் கேட் திறந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார் அந்தப் பெரியவர்.

அதிகாரிக்கு வயிற்றெரிச்சல். இரண்டு நாளில் என்னையும் ஏழுமலையையும் கூப்பிட்டார், தேசம்மா கூப்பிடாமலே வந்தாள். சின்னக் கேட் திறக்கிறேன், ஆனால் இந்தக் கார் இனி உள்ளே வரக் கூடாது என்றார். எங்கள் கண்ணெதிரே வாட்ச்மேனை அழைத்து நம்பரை எழுதிக்கொடுத்தார். "இந்த வண்டி வந்தா நிறுத்து. உள்ள யார் இருந்தாலும் சரி, விடக் கூடாது. விட்டா உன் வேலை போயிடும்."

"சரி சார், வழி கெடைச்சா எங்களுக்குக் காரு எதுக்கு?" என்றாள் தேசம்மா. "ஆனா இந்தாளு அபராதம் கேக்கறானே. நீயே எடுத்துக்கயேன்."

அதிகாரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்குக் கம்பெனி தருகிற கார் எங்களிடம் எடுத்த லீஸ்தான், அந்த மாதம் முடிகிறது. அவருக்கு அனுமதித்த மாதத் தொகை எனக்குத் தெரியும். அதற்கு ஒரு சின்னக் கார்தான் வரும். அந்த வருத்தத்தில் அவர் எங்கள் ஆபீசுக்கு நடையாக நடந்துகொண்டிருந்தார். லீசைப் பேர் மாற்றிக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஊருக்கு எழுதின தொகையைச் சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து ஜன்னலுக்குப் போய்க் காரைப் பார்த்தார். அதே ஜன்னல், அதே கார். "டாக்டர் ஓட்டின வண்டியா?" என்றார். "உள்ள வாசனை…?"

"கழுவித் தர்றோம் சார்" என்றேன். போகும் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டீர்களே, பட்ஜெட்டுக்கு மேல் எப்படி இழுப்பது என்று. இரண்டு கஸ்டமர், இரண்டு பட்ஜெட், ஒருவரையும் ஒரு ரூபாய் மேலே இழுக்கவில்லை. ஒரே காரை இரண்டு பேருக்கும் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அது எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் தொழில்.

பேர் மாற்றம் முடிந்த மறுநாள், கழுவித் துடைத்த காரில் அதிகாரியோடு நானும் கம்பெனிக்குப் போனேன். ஒப்படைப்புக் கையெழுத்து அவர் ஆபீசில் வாங்க வேண்டும். காரை ஊருக்குக் காட்டிவிட்டு வரலாம் என்று அவர்தான் குப்பத்துப் பக்கமாக விடச் சொன்னார். பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பக்கக் கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் அடிக்கவில்லை. கையை நீட்டிக் காரை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நம்பரை ஒப்பிட்டார்.

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "யோவ், நான்தான்யா!"

"தெரியுது சார். உள்ள யார் இருந்தாலும் விடக் கூடாதுன்னு சொன்னீங்க சார்."

"நான்தானே சொன்னேன்? இப்ப நானே சொல்றேன், திற!"

"எழுதிக் குடுத்தீங்க சார். மாத்தறதுன்னா ஆபீஸ்லேர்ந்து எழுதி வரணும் சார். வேலை போயிடும் சார்."

"ஆபீஸ்ல எழுதிக் குடுக்கிறதே நான்தானேய்யா!"

"அப்ப உள்ள போய் எழுதிக் குடுங்க சார்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சின்னக் கேட் வழியாகப் பெண்கள் கூடையோடு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தேசம்மா வரிசையை விட்டு விலகி வந்தாள். தலையில் கூடை அசையாமல், காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், வுட மாட்றானா? எறங்கி எங்க பின்னாடி நடந்து வா. வழி தொறந்துதான் கீது."

அவர் இறங்கினார்.